முயலின் பெருந்தமனி: கொழுப்பும் ஒரு வாயுவும் சந்தித்த வரலாறு

இதய நோயுள்ள பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பாராயின், அவருடைய மருந்துப் பெட்டியில் இரண்டு வகை மாத்திரைகளை நாம் பார்த்திருப்போம். ஒன்று, நெஞ்சு வலிக்கும்போது நாக்கின் அடியில் வைத்துக்கொள்வது. சட்டைப் பையிலும் கைப்பையிலும் உடன் வருவது. மற்றொன்று, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் தவறாமல் விழுங்க வேண்டியது. முன்னது நைட்ரேட் வகை. பின்னது ஸ்டாட்டின் வகை. முன்னதன் பயன் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பின்னதன் பயனை உண்பவர் ஒருநாளும் உணர்வதில்லை. வராமற்போன மாரடைப்பை யார்தான் உணர முடியும்?

இந்த வேறுபாட்டிலிருந்தே ஓர் ஆபத்தும் பிறக்கிறது. உடனே வலி தீர்ப்பதை நம்புவதும், உணர முடியாத பயனுடையதை ஐயுறுவதும் மனித இயல்பு. ‘கொலஸ்டிரால் என்பது வெறும் பூச்சாண்டி, இரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்ஸைடைப் பெருக்கினால் போதும்’ என்னும் பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. அதைப் பெருக்குவதாகச் சொல்லும் பொடிகளும் விற்பனைக்கு வந்துள்ளன. இதை நம்பி அன்றாட மாத்திரையை நிறுத்திவிட்டவர்களும் நம்மிடையே உண்டு.

மருத்துவம் நம் துறை அன்று; இலக்கியம் பயிற்றுவிப்பதே நம் பணி. ஆயினும், ஒரு சொல் வந்த வழியை அறியாமல் அதன் பொருளை அறுதியிட்டுவிடக் கூடாது என்பது நம் துறை நமக்குக் கற்பித்த பாடம். கொலஸ்டிரால், நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் இவ்விரு சொற்களும் வந்த வழியைச் சற்றே பின்தொடர்ந்து பார்ப்போம். ஒன்றை மற்றொன்றுக்கு எதிராக நிறுத்துவது எவ்வளவு பிழையானது என்பது அப்போது தானே விளங்கும்.

பித்தக் கல்லிலிருந்து பெருந்தமனிக்கு

கொலஸ்டிரால் முதன்முதலில் அறியப்பட்டது இதயத்திலன்று, பித்தக் கற்களில். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பித்தக் கற்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருளுக்கு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவ்ரூல் என்னும் வேதியியலர் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் ‘கோலே’ என்றால் பித்தம். ‘ஸ்டெரியோஸ்’ என்றால் திண்மையானது. பித்தத்தில் உறைந்த திடப்பொருள் என்பதே இச்சொல்லின் பொருள். நாமோ அதைப் பொதுவாகக் ‘கொழுப்பு’ என்று சொல்லிவிடுகிறோம். செருக்கையும் கொழுப்பு என்றே அழைக்கும் நம் மொழியில், அச்சொல்லுக்குத் தொடக்கத்திலிருந்தே நற்பெயர் இல்லை. உண்மையில் கொலஸ்டிரால் இன்றி நம் உடலின் ஓர் உயிரணுவும் தன் சவ்வைக் கட்டிக்கொள்ள இயலாது. நமக்கு வேண்டிய கொலஸ்டிராலின் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கிறது.

1910இல் ஜெர்மானிய வேதியியலர் அடால்ஃப் வின்டாஸ், நோயுற்ற பெருந்தமனிகளின் தடிப்புகளில், நலமான தமனிச் சுவரில் இருப்பதைவிடப் பல மடங்கு கொலஸ்டிரால் படிந்திருப்பதைக் கண்டார். அது படிந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் அது படிந்ததா என்பதே எஞ்சிய கேள்வி. விடை தேடும் முயற்சி ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த இராணுவ மருத்துவக் கழகத்தில் நடந்தது. அங்கே 1908இல் இக்னடோவ்ஸ்கி என்பவர் முயல்களுக்கு இறைச்சி, பால், முட்டை முதலியவற்றைக் கொடுத்து அவற்றின் தமனிகள் தடிப்பதைக் கண்டிருந்தார். ஆனால் புரதமே அதற்குக் காரணம் என்று அவர் எண்ணினார். 1913இல் நிக்கொலாய் அனிட்ச்கோவும் அவர் தோழர் கலடோவும் தூய கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினர். முயலின் பெருந்தமனியில், மனிதத் தமனியில் காண்பதை ஒத்த தடிப்புகள் தோன்றின.

இருந்தும் மருத்துவ உலகம் தயங்கியது. எலிக்கும் நாய்க்கும் அதே உணவைக் கொடுத்தபோது அவற்றின் தமனிகளுக்கு எதுவும் ஆகவில்லை. முயல் இலை தழை உண்ணும் உயிரினம்; இயல்புக்கு மாறான உணவைத் திணித்துப் பெற்ற முடிவை மனிதனுக்குப் பொருத்தலாமா என்று கேட்டனர். நேர்மையான கேள்விதான். மனிதர்களையே பல்லாண்டு தொடர்ந்து கவனித்த பிறகே அதற்கு விடை கிடைத்தது. 1948இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் என்னும் சிற்றூரில் 5,209 பேருடன் தொடங்கிய ஆய்வு, உயர் இரத்த அழுத்தத்தையும் மிகைக் கொலஸ்டிராலையும் இதய நோயின் ‘அபாயக் காரணி’களாக 1961இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தது.

இவ்வரலாறு நமக்குள் ஒரு படிமத்தையும் விதைத்துவிட்டது. இரத்த நாளம் என்பது குழாய். கொழுப்பு என்பது அதில் படியும் கசடு. கசடு மிகுந்தால் குழாய் அடைபடும். எளிமையான படிமம், எனவே எல்லோர் மனத்திலும் ஒட்டிக்கொண்டது. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. குழாய்க்கு உயிர் இல்லை; தமனிக்கு உயிர் உண்டு.

வெடிமருந்து மருந்தான கதை

மற்றொரு கிளைக்கதை இத்தாலியின் டூரின் நகரில் தொடங்குகிறது. 1847இல் அஸ்கானியோ சொப்ரேரோ என்பவர் நைட்ரோகிளிசரினைச் செய்தார். அதைச் சிறிதளவு நாவில் வைத்துப் பார்த்தபோது கடுமையான தலைவலி உண்டாவதையும் அவரே குறித்து வைத்தார். அதன் வெடிக்கும் ஆற்றலைக் கண்டு அஞ்சினார். அஞ்சாமல் அதைத் தொழிலாக்கியவர் ஸ்வீடனின் ஆல்ஃபிரட் நோபல். 1864இல் ஸ்டாக்ஹோம் அருகே ஹெலனெபோர்க்கில் நேர்ந்த வெடிவிபத்தில் அவருடைய தம்பி எமில் உயிரிழந்தார். அதன் பின்னரும் முயன்று, அந்தத் திரவத்தை ஒருவகை மண்ணில் ஊறவைத்துக் கையாளத்தக்கதாக்கி, 1867இல் டைனமைட் என்னும் பெயரில் நோபல் காப்புரிமை பெற்றார்.

அதே 1867இல் ஸ்காட்லாந்து மருத்துவர் லாடர் பிரண்டன், அமைல் நைட்ரைட் என்னும் பொருளின் ஆவியை முகர்ந்தால் நெஞ்சுவலி தணிவதாக எழுதினார். 1879இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரல், மிக நீர்க்கச் செய்த நைட்ரோகிளிசரினை நெஞ்சுவலிக்கு மருந்தாகக் கொடுத்து ‘லான்செட்’ இதழில் அறிவித்தார். வெடிமருந்து ஆலைகளில் வேறொன்றும் தெரியவந்தது. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும் தொழிலாளர்களுக்குத் தலைவலி வரும்; வாரத்தின் ஓட்டத்தில் அது மறையும். நெஞ்சுவலி உள்ள சிலருக்கோ வேலை நாட்களில் வலி தணிந்து, விடுமுறையில் திரும்ப வரும். காற்றில் கலந்திருந்த நைட்ரேட் அவர்கள் உடலில் புகுந்து நாளங்களை விரித்ததன் விளைவு இது.

முதுமையில் நோபலுக்கே இதய நோய் வந்தது. மருத்துவர்கள் அவருக்கு எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின். 1896இல், தம் இறப்புக்குச் சில வாரங்களுக்கு முன் எழுதிய கடிதத்தில், இது விதியின் விளையாட்டென்று அவர் வியந்திருக்கிறார். மக்களும் மருந்துக்கடைக்காரரும் அஞ்சாதிருக்க அம்மருந்துக்கு வேறு பெயர் சூட்டியிருப்பதையும் அதில் குறிப்பிட்டிருக்கிறார். அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் நாள் அவர் மறைந்தார்.

நைட்ரோகிளிசரின் எவ்வாறு வலி தீர்க்கிறது என்பது அவருக்கும் தெரியாது, அவருடைய மருத்துவர்களுக்கும் தெரியாது. அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு வேறு எவருக்கும் தெரியவில்லை. 1977இல் அமெரிக்காவின் விர்ஜீனியாவில் ஃபெரிட் முராட் ஒரு விடையை முன்வைத்தார். உடலுக்குள் நைட்ரோகிளிசரின் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவை வெளியிடுகிறது. அவ்வாயு தசை அணுக்களில் உள்ள ஒரு நொதியைத் தூண்டி அவற்றைத் தளர்த்துகிறது என்பதே அது. வாகனப் புகையில் இருக்கும் நச்சு வாயு என்றே அதுவரை அது அறியப்பட்டிருந்தது. (மயக்கம் தரச் சிரிப்பூட்டும் வாயு என்று வழங்கப்படுவது நைட்ரஸ் ஆக்ஸைடு. அது வேறு, இது வேறு.) வெளியிலிருந்து புகுந்த மருந்து இப்படி வேலை செய்கிறது என்றால், உடல் தானாகவே இதைச் செய்துகொள்ளுமா? அக்கேள்விக்கான விடை மீண்டும் ஒரு முயலின் பெருந்தமனியில் காத்திருந்தது.

ஒரு தவறு திறந்த கதவு

நியூயார்க்கின் புரூக்ளினில் இராபர்ட் ஃபர்ச்காட் என்னும் மருந்தியலர் முயலின் பெருந்தமனியைப் பட்டை பட்டையாக வெட்டி மருந்துகளைச் சோதித்துவந்தார். அசிட்டைல்கோலின் என்னும் பொருளை உயிருள்ள விலங்கின் உடலில் செலுத்தினால் நாளங்கள் விரியும். அவருடைய தமனிப் பட்டையிலோ அது சுருக்கத்தையே உண்டாக்கியது. 1950களிலிருந்து இம்முரண் விளங்காமலே கிடந்தது.

1978இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு தவறு நேர்ந்தது. முதல் மருந்தைக் கழுவிவிட்டு அடுத்ததைச் சேர்க்க வேண்டும் என்பது முறை. உதவியாளர் கழுவ மறந்து, அசிட்டைல்கோலினை ஒத்த மருந்தைச் சேர்த்துவிட்டார். தமனி சுருங்குவதற்கு மாறாகத் தளர்ந்தது. வேறொருவராக இருந்தால் சோதனை கெட்டது என்று குறித்துவிட்டு மறுநாள் மீண்டும் செய்திருப்பார். ஃபர்ச்காட்டோ நின்று யோசித்தார். இம்முறை பயன்பட்டது பட்டையன்று, வளையமாக வெட்டிய தமனி. பட்டையாக வெட்டும்போது உட்புறம் கைபட்டோ கருவிபட்டோ தேய்ந்துபோகிறது. வளையத்தில் அவ்வாறு நேர்வதில்லை. எனவே தளர்த்தும் செய்தி உட்புறத்தில் இருந்தாக வேண்டும்.

தமனியின் உட்புறத்தில் ஒற்றை அணு வரிசையாகப் படிந்துள்ள மெல்லிய படலத்தை எண்டோதீலியம் என்பர். ‘உட்படலம்’ என்று நாம் இங்கே வழங்குவோம். இரத்தத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெறும் மெழுகுப்பூச்சு போன்றதாகவே அதைப் பலர் கருதிவந்தனர். ஃபர்ச்காட் உட்படலம் தேய்ந்த பட்டை ஒன்றையும், உட்படலம் அப்படியே உள்ள பட்டை ஒன்றையும் முகத்தோடு முகம் வைத்து ஒட்டினார். இப்போது தேய்ந்த பட்டையும் தளர்ந்தது. ஒன்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி மற்றொன்றுக்குச் செல்கிறது என்பது உறுதியாயிற்று. 1980இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அக்கட்டுரை ஒரு துறையையே மாற்றியது.

அந்த ஏதோ ஒன்று எது என்பதற்கு மேலும் ஆறேழு ஆண்டுகள் பிடித்தன. 1986இல் மினசோட்டாவின் ராச்செஸ்டர் நகரில் நடந்த கருத்தரங்கில், அது நைட்ரிக் ஆக்ஸைடே என்னும் கருத்தை ஃபர்ச்காட்டும் லூயி இக்னாரோவும் தனித்தனியே முன்வைத்தனர். 1987இல் இங்கிலாந்தில் சால்வடார் மொன்காடாவின் குழுவும் அமெரிக்காவில் இக்னாரோவின் குழுவும் அதைச் சோதனையால் நிறுவின. ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உட்படலம் அவ்வாயுவை ஆக்கிக்கொள்கிறது என்பதை மறு ஆண்டே மொன்காடாவின் குழு காட்டியது. 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மொன்காடா விடுபட்டது குறித்து எழுந்த சர்ச்சையும் நினைவுகூரத்தக்கது. நோபல் தாம் உட்கொண்ட மருந்தின் இரகசியத்தைக் கண்டவர்களுக்கு, அவர் விட்டுச்சென்ற செல்வத்திலிருந்தே பரிசு போய்ச் சேர்ந்தது.

சந்திப்பு

ஆக, ஒரு முயலின் பெருந்தமனியில் கொலஸ்டிரால் பிடிபட்டது. மற்றொரு முயலின் பெருந்தமனியில் நைட்ரிக் ஆக்ஸைடு பிடிபட்டது. அறுபத்தேழு ஆண்டு இடைவெளி. இவ்விரண்டும் மனித இதயத்தில் சந்தித்த ஆண்டு 1986 எனலாம்.

அவ்வாண்டு பாஸ்டன் நகர மருத்துவர்கள் நோயாளிகளின் இதயத் தமனிக்குள் நேரடியாக அசிட்டைல்கோலினைச் செலுத்திப் பார்த்தனர். நலமான தமனி விரிந்தது. கொழுப்புத் தடிப்பு உள்ள தமனியோ சுருங்கியது. ஃபர்ச்காட்டின் தேய்ந்த பட்டை எவ்வாறு நடந்துகொண்டதோ அவ்வாறே நோயாளியின் தமனியும் நடந்துகொண்டது! பின்னர் நைட்ரோகிளிசரினைக் கொடுத்தபோது அந்தத் தமனியும் விரிந்தது. தசை கெட்டுவிடவில்லை, விரியச் சொல்லும் உட்படலத்தின் குரலே கெட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தடிப்பு முற்றியதால் அக்குரல் கெட்டதா, அதற்கு முன்பே கெட்டுவிட்டதா? 1990களின் ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. கொலஸ்டிரால் மிகுந்திருந்தும் நோயின் அறிகுறி ஏதும் இல்லாதவர்களின் கைத்தமனிகளிலேயே இக்குறை காணப்பட்டது. 1992இல் டேவிட் செலர்மேஜர் முதலியோர் லண்டனில் ஊசியோ கத்தியோ இன்றி, ஒலி அலைக் கருவியால் கைத்தமனி விரிவதை அளந்தனர். பரம்பரையாகக் கொலஸ்டிரால் மிகுந்த குழந்தைகளிடத்தும் தமனி விரியும் திறன் குன்றியிருந்தது. அடைப்பு தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னதாகவே, பள்ளி செல்லும் வயதிலேயே, உட்படலம் வாயடைத்துப் போகிறது.

எவ்வாறு இது நேர்கிறது? இரத்தத்தில் எல்டிஎல் என்னும் துகள்கள் கொலஸ்டிராலைச் சுமந்து செல்கின்றன. அவை மிகும்போது தமனிச் சுவருக்குள் புகுந்து தங்கி, ஆக்ஸிஜனால் சிதைவுறுகின்றன. அங்கே சூப்பர் ஆக்ஸைடு என்னும் வினைமிக்க பொருள் பெருகுகிறது. உட்படலம் ஆக்கும் நைட்ரிக் ஆக்ஸைடோ சில நொடிகளே வாழும் வாயு. அது தசையைச் சென்றடையும் முன்பே சூப்பர் ஆக்ஸைடு அதைப் பற்றி அழித்துவிடுகிறது. நைட்ரிக் ஆக்ஸைடை ஆக்கும் நொதியும் காலப்போக்கில் பழுதுபட்டு, அவ்வாயுவுக்கு மாறாகச் சூப்பர் ஆக்ஸைடையே ஆக்கத் தொடங்குகிறது. காவலனே கள்வனான நிலை.

நைட்ரிக் ஆக்ஸைடு தமனியை விரிப்பது மட்டும் செய்வதில்லை. இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தடுக்கிறது. வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டிப் புகாமல் காக்கிறது. அது குறைந்தால் இவ்விரண்டு காவல்களும் தளர்கின்றன. அதனால் இன்னும் எளிதாகக் கொழுப்புத் தடிப்பு வளர்கிறது. ஒன்றின் கேடு மற்றொன்றை வளர்க்கும் சுழல் இது.

எனவே நைட்ரிக் ஆக்ஸைடின் கதை கொலஸ்டிராலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லை. அதன் குற்றப் பட்டியலில், நெடுங்காலம் விடுபட்டிருந்த முதற்பக்கத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. அடைப்பு என்பது அப்பட்டியலின் கடைசிப் பக்கம்.

பூஞ்சையின் கொடை

அந்த அன்றாட மாத்திரைக்கு வருவோம். 1970களில் டெக்சஸின் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்டுஸ்டைனும், எல்டிஎல் துகள்களை இரத்தத்திலிருந்து ஈர்த்துக்கொள்ளும் ஏற்பிகள் அணுக்களின் மேற்பரப்பில் உள்ளன என்று கண்டு, 1985இல் நோபல் பரிசு பெற்றனர். அதே காலத்தில் ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளையும் பிற நுண்ணுயிர்களையும் சோதித்து, 1973இல் ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து, உடல் கொலஸ்டிராலை ஆக்குவதைத் தடுக்கும் பொருளைப் பிரித்தார். அதை எலிகளுக்குக் கொடுத்தபோது பலன் இல்லை. அனிட்ச்கோவுக்கு எதிராகச் சாட்சி சொன்ன அதே எலி! எண்டோ சோர்ந்துவிடவில்லை. முட்டையில் கொலஸ்டிரால் மிகுதி என்பதை எண்ணிப் பெட்டைக்கோழிகளில் சோதித்தார், கொலஸ்டிரால் குறைந்தது. ஸ்டாட்டின் மருந்துகளின் மூதாதை அதுவே. 2024இல் மறைந்த எண்டோவுக்கு நோபல் பரிசு கிட்டவேயில்லை.

1994இல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வு, இதய நோயுள்ள 4,444 பேரைச் சுமார் ஐந்தரை ஆண்டுகள் தொடர்ந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களில் 256 பேர் இறந்தனர். ஸ்டாட்டின் உண்டவர்களில் 182 பேர். கொலஸ்டிராலைக் குறைத்தால், வாய்மூடியிருந்த உட்படலம் மீண்டும் பேசத் தொடங்குகிறது என்று 1995இல் ஆய்வுகள் காட்டின. ஸ்டாட்டின் அணுக்களில் நைட்ரிக் ஆக்ஸைடை ஆக்கும் நொதியையே பெருக்குகிறது என்றும் 1998இல் ஆய்வுக்கூடத்தில் கண்டனர். அவ்வாறாயின் பயன் முழுதும் அவ்வாயுவால்தானோ என்ற ஐயம் எழலாம். ஸ்டாட்டின் அல்லாத, வேறு வழியில் எல்டிஎல்லைக் குறைக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோதும் மாரடைப்புகள் மேலும் குறைந்தன என 2015இலும் 2017இலும் வந்த பெரும் ஆய்வுகள் நிறுவின. குறைய வேண்டியது கொலஸ்டிரால்தான் என்பதில் ஐயத்துக்கு அதிக இடமில்லை.

மாறாக, வாயுவை மட்டும் பெருக்க முயன்ற கதையும் உண்டு. உடல் ஆர்ஜினைனிலிருந்துதான் நைட்ரிக் ஆக்ஸைடை ஆக்குகிறது என்றால், ஆர்ஜினைனை ஊட்டினால் என்ன? கேட்பதற்கு இனிய தருக்கம். அமெரிக்காவில் மாரடைப்பிலிருந்து மீண்ட 153 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. 2006இல் அதன் முடிவு வெளிவந்தது. ஆர்ஜினைன் உண்ட பிரிவில் ஆறு பேர் இறந்தனர். வெற்று மாத்திரைப் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. தமனியின் இறுக்கமும் குறையவில்லை. ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆறு மரணங்களைக் கொண்டு எல்லாவற்றையும் முடிவு செய்துவிட இயலாது. எனினும் மாரடைப்பு கண்டவர்களுக்கு ஆர்ஜினைன் தரலாகாது என்று ஆய்வாளர்களே எச்சரித்தனர். கடையில் பொடி வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஆறு பேரைத் தெரியும்?

கீரை, பீட்ரூட் முதலியவற்றிலுள்ள நைட்ரேட்டை நம் நாவில் வாழும் நுண்ணுயிர்கள் மாற்றித் தர, அதிலிருந்தும் உடல் நைட்ரிக் ஆக்ஸைடைப் பெறுகிறது. நடக்கும்போது விரைந்தோடும் இரத்தம் உட்படலத்தை உரசி, அதனை அவ்வாயுவை ஆக்கத் தூண்டுகிறது. எனவே கீரையும் நடையும் நல்லவையே. ஆனால் அவை எல்டிஎல்லைக் குறைக்கும் மருந்துக்கு மாற்றாகா, அதற்குத் துணை.

நாவடி மாத்திரையும் அவ்வாறே. உட்படலம் சொல்ல வேண்டிய சொல்லை அதற்குப் பதிலாக ஒருமுறை சொல்லித் தரும் இரவல் குரல் அது. அந்நேரத்து வலியை அது தணிக்கும். குரல் ஏன் போயிற்று என்று கேட்காது. கேட்டுச் சரிசெய்ய முயல்வது நாள்தோறும் விழுங்கும் மாத்திரை. அதை நிறுத்தலாமா, அளவை மாற்றலாமா என்ற ஐயம் எவருக்கும் வரலாம். அவ்வையத்தைக் கொண்டுபோய்க் கேட்க வேண்டிய இடம் மருத்துவர். பொடி விற்பவர் அல்லர்.

வீட்டுப் பெரியவரின் மருந்துப் பெட்டியை இன்றிரவு ஒருமுறை திறந்து பார்ப்போம். இரண்டு வகை மாத்திரைகளும் அங்கே இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதாது. நாள்தோறும் உண்ண வேண்டியது நாள்தோறும் குறைந்துவருகிறதா என்றும் எண்ணிப் பார்ப்போம்.